மாவ்பிப் பையனைப் பார்க்கப் போனது

எங்கள் பேஸ்பால் டீமில் ஒழுங்காகப் பந்து எறிய ஆள் இல்லாமல் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பெரிய டீமில் இருந்த இருபது பேரில் ஒன்பது பேர் ஊரை விட்டுப் போனார்கள். தாய்லாந்துக்கு ஐந்து பேர், மலேசியாவுக்கு மூன்று பேர், பரீட்சை எழுதிக் கொரியாவுக்கு ஒருத்தன். பட்டாளத்துக்குப் பிள்ளை பிடிக்கிற ஊரில் ஏன் போனார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. பதினெட்டு தாண்டிய மகன் இருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுக்கொள்ளலாம். மிச்சம் இருந்தவர்கள் நாற்பதை எட்டிப் பார்க்கிறவர்கள், வயிறு போட்டவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு போன வருஷம் பதினோரு ஆட்டம் ஆடினோம். பதினொன்றும் தோல்வி.

இந்த ஆட்டத்தில் மேட்டின் மேல் நின்று ஒருத்தன் எறிவான், எதிராளி மட்டையால் அடிக்கப் பார்ப்பான். எறிகிறவன் கெட்டிக்காரன் என்றால் மற்ற எட்டுப் பேர் சுமாராக இருந்தாலும் வண்டி ஓடும். எறிகிறவன் சரியில்லை என்றால் அந்த எட்டுப் பேரும் பந்து பொறுக்கியே சாக வேண்டியதுதான்.

டீமை ஆரம்பித்தவர் ஒரு ஜப்பான்காரர். ரங்கூனில் இந்த அலோன் பேட்டையில் ஒரு கிடங்குக் கம்பெனிக்கு வேலையாக வந்தவர். கூலிக்காரர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை சனிக்கிழமை விளையாடினார். ஊருக்குத் திரும்பும்போது ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனார்: சின்ன டீமிலிருந்து ஒருத்தனைப் பெரிய டீமுக்கு ஏற்றுவது என்றால் கமிட்டியில் மூன்று பேரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் கிடையாது. லத்தாப் பேட்டையில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிற சிவநாதன் தலைவர். பர்கத்துல்லா பாய் காரியதரிசி, ஆட்டக் கணக்கு எழுதுகிறவர். மூன்றாவது ஆள் நான், கருப்பையா. அலோன் துறைமுகத்தில் நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவன்.

ஜனவரி மாதம் சிவநாதன் ஒரு திட்டத்தோடு வந்தான். கிடங்குக்குப் பின்னால் மைதானத்தை ஒட்டி ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. கமிட்டி கூடுவது அங்கேதான்.

"ரெண்டு பையனுக கிடைச்சிருக்கானுகண்ணே" என்றான் சிவநாதன். "ஒருத்தன் நம்ம சின்ன டீம் மனோஜ். இன்னொருத்தன் மாவ்பியில இருக்கான். பேரு ஸோ லின். ஞாயித்துக்கிழமை அங்க மார்க்கெட் டீமுக்கு எறியறான். போன மாசம் நாலு ஆட்டத்துல முப்பத்தொரு பேரை வெளியேத்தியிருக்கான். மனோஜுக்கும் அதே வயசுதான், பதினேழு. ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்திடுவோம். ஒருத்தனுக்குக் கை வலிச்சா இன்னொருத்தன் இருக்கான். ரெண்டே வருஷத்துல நம்ம டீம் பழைய டீமாயிடும்."

"ரெண்டு வருஷத்துல அவனுக இங்க இருப்பானுகளா?" என்றேன்.

"அதனாலதான் இப்பவே ஏத்தணுங்கிறேன்."

"நீ அந்த மாவ்பிப் பையனைப் பாத்தியா?"

"பாக்கலை. அங்கேயிருந்து கணக்கு அனுப்பினாங்க. வீடியோகூட அனுப்பினாங்க. கரண்டு இருந்தா நெட் இல்லை, நெட் இருந்தா கரண்டு இல்லை. சுத்திக்கிட்டே நிக்குது."

"கணக்கை யாரு வேணாலும் எழுதலாம். நான் பாக்காத ஆளுக்குக் கை தூக்க மாட்டேன்."

பர்கத்துல்லா பாய் சிரித்தார். "பாத்த ஆளுக்கு மட்டும் தூக்கிட்டீங்களாக்கும். மனோஜ் பேரைப் போன வருஷமே நான் சொன்னேன். நீங்கதானே வேண்டாம்னீங்க."

உண்மைதான். நான்தான் தடுத்தேன். அதற்குக் காரணம் இருந்தது. துறைமுகத்தில் புதுப் பையன் வந்தால் முதல் வருஷம் அவனுக்கு நான் முழு மூட்டை கொடுக்க மாட்டேன். அரை மூட்டைதான். எல்லாப் பயலும் 'தூக்குவேன் மேஸ்திரி' என்பான். தூக்கவும் செய்வான். இருபத்தைந்து வயசில் முதுகு போய்ப் படுத்துக் கிடப்பான். மனோஜின் எறி நன்றாகத்தான் இருந்தது. பந்து போகிற சத்தமே வேறு மாதிரி இருக்கும். ஆனால் பெரிய டீமில் ஏற்றினால் தோற்கிற ஆட்டத்தையெல்லாம் அந்த ஒரு கையின் மேல் போடுவார்கள். இன்னும் ஒரு வருஷம் கீழேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

அதுவும் போக, கொஞ்ச நாளாக எனக்கு வேறு ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வருகிறபோது மனோஜ் தேத்தண்ணியை இடது கையால் குடித்தான். தலையை இடது கையால் சீவினான். ஒரு நாள் சைக்கிளைத் தூக்கிப் படி ஏற்றும்போது முகம் சுளித்தான். சனிக்கிழமை எத்தனை பந்து எறிந்தான் என்று பாயைக் கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து என்று புத்தகத்தைக் காட்டுவார். நாற்பது பந்து எறிந்த கை மூன்று நாள் கழித்தும் அப்படித் தொங்காது. பாய் குறைத்து எழுதுகிறார் என்று முடிவுக்கு வந்தேன். பையனைச் சீக்கிரம் ஏற்றிவிட வேண்டும் என்று சிவநாதனும் பாயும் சேர்ந்து செய்கிற வேலை.

அடுத்த சனிக்கிழமை சட்டைப் பையில் ஒரு பிடி புளியங்கொட்டையோடு போய் உட்கார்ந்தேன். மனோஜ் ஒரு பந்து எறிந்தால் ஒரு கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றினேன். ஆட்டம் முடிந்ததும் எண்ணினேன். நாற்பத்து நாலு. பாயின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்து நாலு. புத்தகம் சரியாக இருந்தது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"என்ன மேஸ்திரி, கொட்டை ஒண்ணும் கொறையலையே?" என்றார் பாய். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் ஞாயிறு. சிவநாதனுக்கும் சொல்லாமல் மாவ்பி பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால், அறுப்பு முடிந்த வயலை ஒட்டி மைதானம். ஒரு பக்கம் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஜனம் மட்டும் எங்கள் அலோனில் வருவதைப்போல மூன்று பங்கு. வேர்க்கடலை விற்கிற அம்மாவிடம், "ஸோ லின் எவன்?" என்று பர்மியத்தில் கேட்டேன்.

"இப்போ ஏறுவான் பாருங்க" என்றாள். "ஊ ம்யா ஹானோட தம்பி மகன். ரங்கூன்ல இருந்து ஞாயிறு ஞாயிறு வர்றான்."

மேட்டில் ஏறிய பையன் தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கியிருந்தான். முகம் தெரியவில்லை. முதல் பந்தை எறிகிறதற்கு முன்னால் இடது கையால் கால்சட்டையை இரண்டு தரம் மேலே இழுத்துவிட்டான். எனக்கு அது போதும். நேற்று நாற்பத்து நாலு தரம் பார்த்ததுதான். மனோஜ்.

பர்மாவில் பிறந்த தமிழர் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு பெயர் உண்டு. வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்திலும் அடையாளக் கார்டிலும் ஒன்று. எனக்கே கார்டில் 'தான் மௌங்' என்றுதான் இருக்கிறது. மனோஜின் அப்பா பர்மாக்காரர், அவர் செத்து ஆறு வருஷம். அம்மா ரூபா எங்கள் தெருப் பெண். அந்தப் பையனுக்குக் கார்டில் ஒரு பர்மியப் பேர் இருக்கும் என்பதைக் கமிட்டியில் மூன்று கிழவர்களும் யோசிக்கவில்லை. ஒருத்தனை இரண்டு பேராக எண்ணித் திட்டம் போட்டிருக்கிறோம்.

இதில் நான் ஒருத்தனாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். பத்தொன்பது வயசில் பகலில் கருப்பையா என்று ஒரு கோஷ்டியிலும், சாயங்காலம் 'தான் மௌங்' என்று இன்னொரு கோஷ்டியிலும் மூட்டை தூக்கியவன் நான். ஒரு மேஸ்திரிக்கும் தெரியாது. என் வலது தோள் இன்றைக்கும் காதுக்கு மேலே போகாது. கமிட்டியில் கை தூக்குவதே இடது கையால்தான்.

கொட்டை கொண்டுபோயிருந்தேன். அறுபது வரைக்கும் எண்ணினேன். அவன் இன்னும் எறிந்துகொண்டிருந்தான். கையிலிருந்த கொட்டை தீர்ந்துபோனது. கடைசியில் பந்து எங்கேயோ போக ஆரம்பித்தது. ஒவ்வொரு எறிக்கும் பிறகு கையை உதறினான். ஜனம் மட்டும் "ஸோ லின்! ஸோ லின்!" என்று கத்திக்கொண்டே இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் நேரே போனேன். என்னைப் பார்த்ததும் பையன் முகம் வெளுத்தது.

"மேஸ்திரித் தாத்தா..."

"உன் பெரியப்பா யாரு?"

பக்கத்தில் குடையும் கையுமாக நின்ற ஒரு பெரியவரைக் காட்டினான். ஊ ம்யா ஹான் நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். அப்படித் தெரிகிறவர்களிடம்தான் நான் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பேன். நான் யார் என்று பர்மியத்தில் சொன்னேன். நேற்று இவன் அலோனில் எங்களுக்கு எறிந்தான் என்றும் சொன்னேன்.

"அப்படியா? எனக்குத் தெரியாதே அகோ" என்றார். பர்மியத்தில் அண்ணன் என்று கூப்பிடுகிற வார்த்தை அது. "அங்கே சின்னப் பசங்களோடு சும்மா விளையாடுகிறேன் என்றான். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை."

"அவன் சொல்ல மாட்டான். முழங்கையைத் தொட்டுப் பாருங்கள். உள் பக்கம்."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு விரலால் தொட்டார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஊ ம்யா ஹான் குடையைக் கீழே வைத்தார். தொப்பியை அவன் தலையிலிருந்து எடுத்து முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை மாதமாக?" என்றார்.

"நவம்பர்ல இருந்து, பெரியப்பா."

"என் கண் முன்னால்தான் இத்தனையும் நடந்தது" என்று என்னிடம் சொன்னார். "கூட்டிக்கொண்டு போங்கள். இவன் திரும்ப எறிகிற அன்றைக்கு எனக்குச் சொல்லி அனுப்புங்கள், அது போதும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. பையன் ஜன்னல் பக்கம். பஸ் இன்செய்ன் தாண்டியது.

"ஏன்டா ரெண்டு இடத்துல எறிஞ்ச?" என்று கேட்டேன். "பெரியப்பாவுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரலையா?"

"மொதல்ல அதான் தாத்தா. ஒரு ஆட்டம் வான்னு கூப்பிட்டாரு." கொஞ்ச நேரம் விரலை நெரித்தான். "அப்புறம் நானேதான் போனேன். அங்க நான்தான் மொத ஆளு. பேரு சொல்லிக் கத்தறாங்க. இங்க சின்ன டீம்ல பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு எறியறேன். ஒரு வருசமா நீங்க ஏத்தவே இல்லை. பாய் சொன்னாரு, நீங்க ஒருத்தர்தான் வேணாங்கிறீங்கன்னு. போன வருசம் ஏத்தியிருந்தா நான் எதுக்கு மாவ்பிக்குப் போறேன்?"

என்னை அப்படிக் கேட்ட மேஸ்திரி கிடையாது, முதலாளி கிடையாது. நான் வெளியே பார்த்தேன். கையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அவனைக் கீழே வைத்தேன். கீழே அவனை யார் பார்த்தார்கள்? சனிக்கிழமை நாங்கள் எண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் எண்ணவில்லை. அவன் ஏங்கிப்போய் வேறு இடத்தில் கையை விற்றுக்கொண்டிருந்தான். நான் கொடுத்தது அரை மூட்டை என்று நினைத்தேன். அவன் தூக்கியது ஒன்றரை.

"யாபாதே" என்றேன். பரவாயில்லை என்பதற்கு எங்கள் பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற பர்மிய வார்த்தை. அவனுக்கு நான் அதைச் சொல்லிக் கேட்டுப் பழக்கமில்லை. ஆச்சரியமாகப் பார்த்தான்.

திங்கட்கிழமை ரூபாவையும் கூட்டிக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனோம். தசை நார் கிழியவில்லை, வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் எறியக் கூடாது, அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்றார். இன்னும் ஒரு மாதம் இப்படி எறிந்திருந்தால் இந்தக் கை எழுதத்தான் உதவும் என்றார். டாக்டரையும் நான் முழுக்க நம்புகிறவன் இல்லை. ஆறு என்றால் ஏழு என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே கமிட்டி கூடச் சொன்னேன். சிவநாதன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"மாவ்பிக்குப் போனீங்களாமே! ஸோ லின்னைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி? நம்ம மனோஜ் தேவலையா, அவன் தேவலையா?"

"ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு. எறி, நடை, மூஞ்சி, எல்லாம்."

"அண்ணன் தம்பியா?"

"ஒருத்தன்டா."

சிவநாதனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாய்க்கு உடனே விளங்கிவிட்டது. தேத்தண்ணி மூக்கில் ஏறி இருமினார். இருமி முடித்து, "நம்ம தலைவர் டீமைக் கட்டிட்டார், பாதி ஆளோட" என்றார்.

சிவநாதன் விடவில்லை. "அப்படின்னா இன்னும் நல்லதுதானே? சனி நாப்பது, ஞாயிறு அறுபதுக்கு மேலன்னா அது கையா, இரும்பா! பிப்ரவரி எட்டாந்தேதி மொத ஆட்டம். அவனையே மேட்டுல ஏத்துவோம்."

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அப்போ இந்த வருஷமும் இல்லைங்கிறீங்க" என்றான் சிவநாதன். "மேஸ்திரி எப்பவும்போல வேணாம்னுட்டாருன்னு எழுதிக்குங்க பாய்."

"எழுதாதீங்க" என்றேன். இடது கையைத் தூக்கினேன். "இன்னைக்கே ஏத்துங்க."

பாய் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"பெரிய டீம்ல இருந்தான்னா ஒரே புஸ்தகம்" என்றேன். "சனி, ஞாயிறு ரெண்டும் நம்ம கண்ணு முன்னால இருப்பான். வேற எங்கயும் போய் ஏங்க வேண்டாம். ஆனா ஏழு வாரம் பந்து எறியக் கூடாது. ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கட்டும், அங்க வர்ற பந்தைப் பிடிக்கிறதுதான் வேலை. மட்டை பிடிக்கட்டும். மார்ச் பதினஞ்சாந்தேதி மேட்டுல ஏறட்டும். அன்னைக்கு நாப்பது பந்து. நாப்பத்தொண்ணாவது பந்துக்கு நானே உள்ள வருவேன்."

"அது வரைக்கும் யாரு எறியறது?"

"செல்வம் எறியட்டும்."

"செல்வத்துக்கு நாப்பத்திரண்டு வயசுண்ணே! மேட்டுல ஏறவே மூச்சு வாங்குது. தோத்துடுவோம்."

"தோத்தாத் தோத்துட்டுப் போறோம். புதுசா?"

சிவநாதன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கையைத் தூக்கினான். பாயும் தூக்கினார். பேரை எப்படி எழுதுவது என்று பாய் கேட்டார். கார்டில் இருக்கிறபடி ஸோ லின் என்று எழுதி, பக்கத்தில் மனோஜ் என்றும் எழுதச் சொன்னேன். இனிமேல் ஒருத்தரும் எங்களை ஏமாற்ற வேண்டாம். பாயின் தேத்தண்ணிக்கு அன்றைக்கு நான்தான் காசு கொடுத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. புளியங்கொட்டையை நானும் எடுக்கவில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி நல்ல வெயில். மனோஜுக்குப் பெரிய டீம் சட்டை தொளதொளவென்று இருந்தது. முதல் தரம் மட்டை பிடித்தபோதே பந்தைக் கிடங்குச் சுவர் வரைக்கும் அடித்தான். இரண்டாம் தரமும் அடித்தான். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிகிறபோது ஐந்துக்கு ஐந்து சமம். பதினோரு ஆட்டத்தில் நாங்கள் பார்க்காத விஷயம்.

ஆறாவதில் செல்வம் தளர்ந்துபோனான். மூன்று பேஸிலும் எதிராளி ஆள் நின்றான், ஒரு நல்ல அடி பட்டால் மூன்று பேரும் ஓடி வந்துவிடுவார்கள். செல்வம் முட்டியில் கை வைத்துக் குனிந்து நின்றான், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜனம் எழுந்து நின்றது. சிவநாதன் என் பக்கம் வந்து குனிந்தான்.

"பத்தே பத்து பந்துண்ணே. பத்தே பத்து."

"இல்லை."

அவன் என்னைக் கடந்து மைதானத்துக்குள் கையைக் காட்டினான். மனோஜ் ஃபர்ஸ்ட் பேஸை விட்டு மேட்டுப் பக்கம் நடந்தான். செல்வம் பந்தை அவன் கையில் கொடுத்தும்விட்டான். கொடுக்காமல் என்ன செய்வான், பாவம்.

ஆட்டத்துக்கு நடுவில் கோட்டுக்குள் யாரும் போகக் கூடாது. நான் போனேன். நடுவர் ஏதோ கத்தினார். நான் என் வேகத்தில்தான் நடந்தேன். மேட்டுக்குப் போகிறதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.

"கொடு" என்றேன்.

மனோஜ் பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர். "தாத்தா, இப்ப நான் எறிஞ்சா ஜெயிப்போம்."

"ஜெயிக்கலாம்."

"ஜூலையில எனக்குப் பதினெட்டு. அம்மா மலேசியாவுக்கு அனுப்பப் பேசிட்டிருக்காங்க. அடுத்த வருசம் நான் இங்க இருப்பேனா? சொல்லுங்க."

பொய் சொல்ல வரவில்லை.

"தெரியாது" என்றேன். "மார்ச் பதினஞ்சுக்கு இருப்ப இல்லை?"

"இருப்பேன்."

"எங்க போனாலும் கை கூடத்தானே வரும்? கொடு."

நடுவர் பக்கத்தில் வந்து நின்றார். செல்வம் மூச்சை அடக்கிக்கொண்டு, "குடுடா தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றான். பையன் என்னிடம் கொடுக்கவில்லை. பந்தைச் செல்வத்தின் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனான்.

பன்னிரண்டுக்கு ஐந்து என்று தோற்றோம். சிவநாதன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஒரு வாரமாவது பேச மாட்டான். ஜனம் கலைந்த பிறகு பாய் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். மனோஜ் பையை மாட்டிக்கொண்டு போனவன் திரும்பி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"பாய், மார்ச் பதினஞ்சுக்கு இன்னும் எத்தனை நாள்?"

பாய் விரல் விட்டு எண்ணி, "முப்பத்தஞ்சு" என்றார்.

"இன்னொரு தரம் எண்ணுங்க" என்றான்.